கேலிக்குச் சுரக்கும் கார்டிசால்

புதுச்சேரி கதிர்காமத்தில் டெம்போ ஏறினால் "உங்களுக்கு ரெண்டு சீட்டு வேணுமே" என்று ஒருவர் சிரிப்பார். வளைகாப்புக்குப் போனால் அத்தை, "என்னடி, இப்படி வெயிட் போட்டுட்ட?" என்பாள். சொன்னவர்கள் அப்போதே மறந்துவிடுகிறார்கள். கேட்டவரின் சிறுநீரகங்களுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அதற்குள் கார்டிசாலைச் சுரக்கத் தொடங்கிவிடுகின்றன.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, புதுச்சேரிப் பெண்களில் 46 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 43 சதவீதம் பேருக்கும் எடை அளவுக்கு மேல். ஏறக்குறையப் பாதி ஊர். அங்கேயும் பருமனுக்காகக் கூனிக் குறுக வேண்டியிருப்பதுதான் வேடிக்கை.

அமெரிக்காவில் கல்லூரி மாணவிகளிடம் நடந்த ஒரு சோதனை 2015இல் வெளியானது. குழுவாகத் துணிக்கடைக்குப் போகலாம் என்று அழைத்தார்கள். பிறகு சிலரிடம் மட்டும், "உங்கள் உடல்வாகு இதற்குப் பொருந்தாது" என்று சொல்லி விலக்கினார்கள். உமிழ்நீரில் கார்டிசால் அளந்தபோது, விலக்கப்பட்டவர்களில் தன்னைக் குண்டு என்று நினைத்திருந்தவர்களுக்கு அது இறங்காமலே நின்றது. எடைமெஷின் காட்டிய கிலோவுக்கும் இதற்கும் தொடர்பில்லை! மெலிந்தவளானாலும் மனதில் குண்டு என்றால் குண்டுதான்.

கார்டிசால் ஆபத்துக் காலத்து ஹார்மோன். ஓடவோ சண்டை போடவோ வசதியாக ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். டெம்போவில் எங்கே ஓடுவது? இந்தச் சுரப்பு அடிக்கடி நேர்ந்தால் இனிப்பிலும் எண்ணெய்ப் பலகாரத்திலும் ஆசை கூடுகிறது. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு செல்களில் கார்டிசாலை ஏற்கும் புரதங்கள் அதிகம். கொழுப்பு சேர்வதும் வயிற்றில்தான்.

"நாலு வார்த்தை சொன்னாத்தான் ரோஷம் வரும்" என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. அமெரிக்காவில் ஐம்பது வயது தாண்டிய ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை 2006 முதல் 2010 வரை கவனித்தார்கள். தொடக்கத்தில் பருமன் இல்லாதவர்களில், எடைக்காக அவமதிக்கப்பட்டவர்கள் பருமனாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் இரண்டரை மடங்கு. கேலிதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ரோஷம் வந்து இளைத்தார்கள் என்று மட்டும் சொல்லவே முடியாது.

மனச்சோர்வும் இப்படித்தான். பருமன் மனச்சோர்வின் வாய்ப்பை 55 சதவீதம் கூட்டுகிறது, மனச்சோர்வு பருமனின் வாய்ப்பை 58 சதவீதம் கூட்டுகிறது என்று 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது மருத்துவமனைப் பயம். உழவர்கரை நகராட்சிக்குள்ளேயே கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. தூரம் ஒரு சாக்கே இல்லை. ஆனால் எந்த ஊர் ஓ.பி. வரிசையானாலும், பத்துப் பேர் காதில் விழும்படி எடையைச் சத்தமாக வாசித்தால், அல்லது தொண்டை வலிக்கும் "முதல்ல வெயிட்டைக் குறைங்க" என்றே பதில் வந்தால், அடுத்த முறை போக கால் வராது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் தாமதமாகவே பிடிபடும். எடைமெஷினில் முதுகைக் காட்டி நிற்க விடுவது, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் சீட்டில் குறிப்பது, கைப்பிடி இல்லாத நாற்காலி நாலைந்து போடுவது: இவற்றுக்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.