இதயத் தமனிகளும் ‘வல ஆதிக்கம்’ என்னும் சொல்லாட்சியும்

இதயத்தின் அறைகளில் எப்போதும் குருதி நிறைந்திருப்பினும், அதன் தசை அக்குருதியால் வளர்வதில்லை. அறைகளை ஒட்டிய மெல்லிய உட்படலமே அதற்கு விலக்கு. தசைக்குரிய குருதியைப் பெருந்தமனியின் தொடக்கத்திலேயே பிரியும் இரு கிளைகள் கொணர்கின்றன. இதயத்தை முடிபோலச் சூழ்ந்தமையால் இவை கரோனரித் தமனிகள் எனப்பட்டன. இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் ‘முடியுரு நாடி’ என்னும் தொடர் அம்மூலப் பொருளைத் தமிழிலேயே உணர்த்துகிறது. (தமிழகத்தார் தமனி என்பதை ஈழத்தார் நாடி என்பர்.)

இடத் தமனியின் அடிமரம் பெரும்பாலும் 1 செ.மீ. அளவினது. அது விரைவில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று முன்புறப் பள்ளம் வழியே இதய நுனி நோக்கி இறங்கி, இடக் கீழறையின் முன்சுவருக்கும் இடைச்சுவரின் முன் மூன்றில் இரு பங்கிற்கும் குருதி அளிக்கிறது. மற்றொன்று இடப்புறம் வளைந்து பக்கச்சுவரைச் சேர்கிறது. வலத் தமனி, வல மேலறைக்கும் வலக் கீழறைக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் சுற்றிப் பின்புறம் செல்கிறது.

சிக்கல் பின்புறத்தில்தான் எழுகிறது. அங்கு இறங்கும் பின்கிளை, பத்தில் எட்டுப் பேருக்கு வலத் தமனியிலிருந்து தோன்றும். சிலருக்கு இடத் தமனியின் வளைகிளையிலிருந்து தோன்றும். வேறு சிலருக்கு இரண்டும் பங்கேற்கும். ஆங்கில வழக்கை ஒட்டி முதல் வகையை ‘வல ஆதிக்கம்’ எனப் பெயர்த்தால், தசையின் பெரும்பகுதியை வலத் தமனியே ஊட்டுகிறது என மாணவர் கொள்வது இயல்பு. உண்மை அதற்கு மாறானது. இவ்வகை இதயத்திலும் இடக் கீழறைத் தசையின் பெரும்பகுதி இடத் தமனியையே சார்ந்துள்ளது. ஆதிக்கம் என்பது இங்கு அளவைச் சுட்டவில்லை. பின்கிளையின் பிறப்பிடத்தை மட்டுமே சுட்டுகிறது. எனவே ‘வலப் பின்கிளை வகை’, ‘இடப் பின்கிளை வகை’ என்பனவே பொருத்தமான ஆக்கங்கள்.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. மேலறைத் துடிப்பைக் கீழறைக்குக் கடத்தும் கணுவிற்குரிய நுண்தமனியும் பெரும்பாலும் பின்கிளையை ஈனும் தமனியிலிருந்தே பிரிகிறது. ஆகவே முதல் வகையினருக்கு வலத் தமனி அடைபடின், இதயத்தின் கீழ்ச்சுவர் சிதைவதோடு துடிப்பும் தளரக்கூடும். இடப் பின்கிளை வகையினரின் நிலை இன்னும் கடியது. அவர்க்கு இடத் தமனியின் அந்தச் சிறு அடிமரம் அடைபடின், இடக் கீழறையும் இடைச்சுவரும் ஏறத்தாழ முழுமையாகக் குருதி இழக்கும். தமனிகளுக்கிடையே நுண்ணிணைப்புகள் உண்டெனினும், திடீர் அடைப்பை ஈடுசெய்ய அவை பெரும்பாலும் போதா. பல மாதங்களாகச் சிறுகச் சிறுகக் குறுகும் தமனியைச் சுற்றியே அவை விரிவடைகின்றன.