பிணையா, கலையா?

மானினத்தில் ஆணைக் கலை என்றும் பெண்ணைப் பிணை என்றும் பிரித்து வழங்குவது நம் மொழியிற் பழைய மரபு. தொல்காப்பியத்து மரபியல் விலங்குகளின் ஆண், பெண், இளமைப் பெயர்களை வகுத்துரைப்பதை உயர்வகுப்பு மாணவர் அறிவர். பரீட்சை முடிந்ததும் நாம் மறந்துவிடும் இவ்வேறுபாடு, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துப் பரந்த வெளியிலே துவக்கோடு நிற்பவனுக்கு இலக்கணமன்று, சட்டம். அவனுடைய அனுமதிப்பத்திரம் பிணைக்கும் குட்டிக்கும் மாத்திரம் உரியதாயின், கலையை வீழ்த்துவது குற்றமாகும்.

அங்கே 'அன்ரிலோப்' என மக்கள் வழங்கும் விலங்கைக் கவைக்கொம்பு மான் எனலாம். பெயர் அவ்வாறாயினும், அது ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் வாழும் இரலைகளின் குலத்தைச் சேர்ந்ததன்று. வட அமெரிக்காவுக்கே உரிய ஒரு தனிக் குடும்பத்தில் எஞ்சியிருப்பது இவ்வோரினமே. இன்றுள்ள விலங்குகளுள் இதற்கு நெருங்கிய உறவு ஒட்டகச்சிவிங்கியின் குடும்பம் என்றால் நம்புவது கடினந்தான்! கொம்பின் உள்ளே எலும்பு. அதனை மூடிய உறை ஆண்டுதோறும் கழன்று புதிதாக வளரும். ஓடத் தொடங்கினால் மணிக்கு ஏறத்தாழ 55 மைல் வேகத்தை எட்டும்.

ஒரு காலத்திற் கோடிக்கணக்கில் திரிந்த இம்மான்கள், கட்டுப்பாடற்ற வேட்டையால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில பதினாயிரங்களாகச் சுருங்கின. வேட்டைக்குத் தடையும் பின்னர் அளவும் விதித்தனர். 1937ஆம் ஆண்டின் சட்டமொன்று துவக்குகள், தோட்டாக்கள் மீதான வரியை வனவிலங்குப் பணிகளுக்கு ஒதுக்கியது. மான்கள் மீண்டும் இலட்சக்கணக்கிற் பெருகின.

பெண் விலங்கைக் கொல்வதா என்று நம் வீட்டுப் பாட்டிமார் முகஞ்சுளிப்பர். அச்சுளிப்பை நான் பிழையென்று சொல்லேன். ஆயினும் கணக்கு ஒன்றுண்டு. ஒரு கலை பல பிணைகளோடு கூடும். ஆகவே கலைகள் சில குறைந்தாலும் அடுத்த ஆண்டின் குட்டிகள் குறைவதில்லை. பிணையோ பெரும்பாலும் இரட்டைக் குட்டிகளை ஈனும். கூட்டம் மேய்ச்சலுக்கு மிஞ்சி, உழவரின் குதிரைமசால் வயல்களிற் புகும்போது, எண்ணிக்கையைக் குறைக்கும் வழி பிணைகளைக் குறைப்பதேயாகும். இதனாலேயே அங்குள்ள வனவிலங்குத் திணைக்களம் 100 பிணைகளுக்கு எத்தனை குட்டிகள், எத்தனை கலைகள் என எண்ணிப் பார்த்து அனுமதிப்பத்திரங்களை வழங்குகிறது.

சரி, முந்நூறு யார் தொலைவில் நிற்கும் மானைப் பிணையென்று அறிவது எவ்வாறு? கொம்பைப் பார்த்தால் போதும் என்று புதியவன் எண்ணுவான். கலையின் கொம்பு காதைவிட நீண்டு, முன்புறம் கவையொன்று நீட்டி நிற்கும். பிணைக்குக் கொம்பே இராது, இருந்தாலும் சில அங்குலமே, கவையுமில்லை. இது உண்மைதான். ஆனால் இளங்கலையின் கொம்பும் காதுக்குள் அடங்கிவிடக்கூடும். காதோ சாய்ந்தும் நிமிர்ந்தும் கண்ணை ஏமாற்றும். எனவே தேர்ந்தவன் கன்னத்தையே நோக்குவான். கலைக்குக் காதின் கீழே, தாடையின் மூலையில் கரிய திட்டு ஒன்றுண்டு, பிணைக்கு இல்லை. கலையின் மூக்கிலிருந்து மேலேறும் கருமையும் பிணையில் அத்துணை அடர்ந்திராது.

இனி, முதிர்ந்த பிணையையும் அவ்வாண்டுக் குட்டியையும் பிரித்தறிய வேண்டும். இது முன்னையதிலும் கடினம். வைகாசி, ஆனியிற் பிறந்த குட்டி, வேட்டைக்காலமாகிய செப்ரெம்பர், ஒக்ரோபரில் நன்கு வளர்ந்துவிடும். தனித்து நின்றால், அளவை ஒப்பிட அருகே வேறொன்று இல்லாமையால், தாயென்றே தோன்றும். முகத்தைப் பார்க்கவேண்டும்: முதிர்ந்த பிணையின் முகம் நீண்டது, குட்டியின் முகம் குறுகியது. உடலும் அவ்வாறே, முன்னையது நீண்டு தாழ்ந்து தோன்றும், பின்னையது கட்டையாகவும் கால் மிகுந்தும் தோன்றும். கூட்டம் முழுவதையும் தொலைநோக்கியிற் பொறுமையாகப் பார்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்ட பின்னரே தெளிவு பிறக்கும். நண்பகலிற் கானல் எழுந்து எல்லாவற்றையும் நெளியச் செய்யுமாதலின், காலை வேளையே ஏற்றது.

தெரிந்துகொண்டதும் வெடி வைத்துவிடலாகாது. தொலைநோக்கியை வைத்துத் துவக்கை எடுக்கும் சில கணத்துக்குள் கூட்டம் இடம்மாறும். முன்பு பார்த்த இடத்திலே இப்போது நிற்பது குட்டியாயிருக்கலாம். மீண்டும் அடையாளம் காணவேண்டும். தோட்டா ஓருடலை ஊடுருவிப் பின்னால் நிற்பதையும் புண்படுத்துமாதலின், பிணை விலகித் தனித்து நிற்கும்வரை காத்திருத்தலும் வேண்டும். ஒரு காலைப்பொழுது முழுவதும் காத்திருந்து, வெடி வைக்காமலே திரும்புவோரும் உளர். வேட்டையில் நாட்டமற்ற எனக்கு, இக்கலையில் மதிக்கத்தக்கதாகத் தோன்றுவது அந்தத் திரும்புதலே.

திணைக்களத்தின் கணக்கையும் இயற்கை சில வேளைகளில் மாற்றி எழுதிவிடும். 2022-23 மாரியில் வயோமிங்கின் மேற்குப் பகுதியில் ஆழப் பனி கொட்டி உறைந்தது. புல்லும் செடியும் பனிக்கடியில் மறைந்தன. பசியோடு நுரையீரல் நோயும் சேர்ந்துகொள்ள, மான்கள் திரளாக மடிந்தன. அவ்வாண்டு வேட்டைக்கான அனுமதிப்பத்திரங்களைத் திணைக்களம் ஆயிரக்கணக்கிற் குறைத்தது. பனிக்குத் தப்பிய பிணைகளோ, அப்போது வயிற்றிற் குட்டிகளைச் சுமந்திருந்தன.