குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி: முறைவழியாக்கியைத் தெரிவு செய்தல்

மாணவர்களே! தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் மத்திய முறைவழி அலகு பற்றிப் படிக்கும்போது கடிகார வேகம், கருக்களின் எண்ணிக்கை, பதுக்கு நினைவகம் ஆகியவற்றை மனனம் செய்கிறீர்கள். வகுப்பு முடிந்ததும் உங்களில் பலர் கேட்கும் வினாவோ வேறு. "சேர், குறைஞ்ச காசில கேம் விளையாட எந்தப் புரொசெசர் நல்லது?" இவ்விரண்டும் வெவ்வேறு விடயங்கள் அல்ல. பாடத்தைச் சரியாக விளங்கிக் கொண்டவரே கடையிலும் சரியாகத் தெரிவு செய்வார்.

இதைத் தவறாகத் தெரிவு செய்தால் இழப்பு சிறிதன்று. கணினிப் பாகங்கள் வெளிநாடுகளிலிருந்து டொலருக்கு வாங்கப்படுபவை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலரின் பெறுமதி, அவ்வாண்டின் நடுப்பகுதியில் 350 ரூபாவைத் தாண்டியது. கணினி விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. கொழும்பு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த கணினிகளை மட்டக்களப்பிற் பலர் வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். மீன்பிடியிலோ வயலிலோ உழைத்த பணத்தை உங்கள் பெற்றோர் ஒரு முறைதான் இதற்கு ஒதுக்குவர். எனவே பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து ஏமாறாமலிருக்கக் கற்றுக் கொள்ளுங்கள்.

1. விளையாட்டின்போது முறைவழியாக்கி என்ன செய்கிறது?

திரையில் அசையும் காட்சி, ஒன்றன்பின் ஒன்றாக வரும் படங்களின் தொடராகும். இப்படம் ஒவ்வொன்றும் சட்டகம் எனப்படும். ஒரு செக்கனில் 60 சட்டகங்கள் வந்தால் அசைவு தடையின்றித் தெரியும். அவ்வாறாயின் ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் நேரம்:

1 செக்கன் ÷ 60 = ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன்

3 கிகாஹேர்ட்ஸ் என்பது ஒரு செக்கனில் 300 கோடி கடிகாரத் துடிப்புகள் ஆகும். ஆகவே அந்த வேகத்தில் இயங்கும் ஒரு கருவுக்கு, ஒரு சட்டகத்தை ஆயத்தம் செய்ய 300 கோடி ÷ 60 = 5 கோடி துடிப்புகள் கிடைக்கின்றன. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எதிற் பட்டது, நீங்கள் அழுத்திய சாவி எது என்பவற்றை முறைவழியாக்கி இதற்குள் கணித்து முடிக்க வேண்டும். அதன் பின்னர் படத்தை வரைவது வரைவியல் அலகின் வேலையாகும். கடைகளில் விஜிஏ எனப்படுவது இவ்வலகைக் கொண்ட அட்டையே.

இரண்டில் எது மெதுவானதோ அதுவே விளையாட்டின் வேகத்தைத் தீர்மானிக்கும். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே பாதையில் ஏறி வாவியைக் கடந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மோட்டார் சைக்கிளில் எவ்வளவு விரைவாகத் துறைக்கு வந்தாலும், பாதை வந்து ஏற்றும்வரை கரையில் நிற்கத்தான் வேண்டும்.

2. கடிகார வேகம் மட்டும் போதுமா?

போதாது. இதற்குக் கணினி வரலாற்றிலேயே சான்று உண்டு. 2004இல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 முறைவழியாக்கி 3.8 கிகாஹேர்ட்ஸ் வேகத்தை எட்டியது. 2006இல் அதே நிறுவனம் வெளியிட்ட கோர் 2 டுவோ ஈ6600இன் வேகம் 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டுமே. ஆயினும் விளையாட்டுகளில் இரண்டாவதே முந்தியது. ஏனெனில் அது ஒரு கடிகாரத் துடிப்பில் கூடுதலான வேலையைச் செய்து முடித்தது.

விரைவாகத் துடுப்பு வலிப்பவர் எல்லோரும் விரைவாகக் கரை சேர்வதில்லை. ஒரு வலிப்பில் தோணி எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எனவே கடிகார வேகத்தைக் கொண்டு ஒரே தலைமுறையைச் சேர்ந்த முறைவழியாக்கிகளையே ஒப்பிடுதல் பொருத்தமானது.

3. பதுக்கு நினைவகத்தின் பங்கு

பலசரக்குக் கடைக்காரர் அடிக்கடி விற்பனையாகும் சீனி, தேயிலை போன்றவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பார். ஒவ்வொரு முறையும் பின்னறைக்குச் சென்றால் வரிசை நீண்டுவிடும். பதுக்கு நினைவகம் கைக்கெட்டும் தட்டு. றாம் எனப்படும் முதன்மை நினைவகம் பின்னறை.

1998 ஏப்பிரலில் இன்டெல் வெளியிட்ட முதலாவது செலரோன் முறைவழியாக்கியில், விலையைக் குறைப்பதற்காக இரண்டாம் மட்டப் பதுக்கு நினைவகம் நீக்கப்பட்டிருந்தது. அதன் செயற்றிறன் பலத்த கண்டனத்துக்கு உள்ளானது. அதே ஆண்டு ஓகஸ்டில் வந்த செலரோன் 300ஏ இல் 128 கிலோபைற்றுப் பதுக்கு நினைவகம் சேர்க்கப்பட்டது. குறைந்த செலவில் விளையாட விரும்பியோர் அதனையே தேடி வாங்கினர்.

2022இல் ஏஎம்டி நிறுவனம் இதனை மீண்டும் நிரூபித்தது. ரைசன் 7 5800எக்ஸ் இல் 32 மெகாபைற்று மூன்றாம் மட்டப் பதுக்கு நினைவகம் இருந்தது. புதிய 5800எக்ஸ்3டி இல் அது 96 மெகாபைற்றாக்கப்பட்டது. இதன் கடிகார வேகம் முன்னையதை விடச் சற்றுக் குறைவு. எனினும் பெரும்பாலான விளையாட்டுகளில் இதுவே வேகமானது.

4. பெயரைப் பிரித்து வாசித்தல்

பாவித்த கணினி வாங்குவோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். "ஐ7 மெசின்" என்றவுடன் அது ஐ3 ஐ விட உயர்ந்தது என எண்ணுகின்றனர். பின்வரும் இரண்டையும் ஒப்பிடுக.

கோர் ஐ7-2600: வெளிவந்த ஆண்டு 2011, 4 கருக்கள், 8 இழைகள், 8 மெகாபைற்றுப் பதுக்கு நினைவகம், உச்ச வேகம் 3.8 கிகாஹேர்ட்ஸ், டிடிஆர்3 நினைவகம்.

கோர் ஐ3-12100: வெளிவந்த ஆண்டு 2022, 4 கருக்கள், 8 இழைகள், 12 மெகாபைற்றுப் பதுக்கு நினைவகம், உச்ச வேகம் 4.3 கிகாஹேர்ட்ஸ்; டிடிஆர்4 அல்லது டிடிஆர்5 நினைவகம்.

பெயரில் தாழ்ந்த ஐ3 இங்கே எல்லா வகையிலும் முந்துகிறது. ஐ என்னும் எழுத்தை அடுத்துள்ள எண், ஒரு தலைமுறைக்குள் அதன் தரத்தைக் காட்டும். கோட்டுக்குப் பின்னுள்ள எண்ணின் தொடக்கமே தலைமுறையைக் காட்டும். 2600 என்பது 2ஆம் தலைமுறை; 8400 என்பது 8ஆம் தலைமுறை; 12100 என்பது 12ஆம் தலைமுறை. பாடநூலில் வரும் கணினித் தலைமுறைகளுடன் இதனைக் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

இதில் இன்னொரு விளைவும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்தியது. விண்டோஸ் 11, இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறை முதலான முறைவழியாக்கிகளையே ஏற்கும். ஆகவே 2ஆம், 3ஆம், 4ஆம் தலைமுறைக் கணினியை மலிவு என்று வாங்குவோர், அதன் ஆயுள் முடியும் வேளையில் வாங்குகின்றனர்.

இறுதியில் வரும் எழுத்தையும் கவனியுங்கள். இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் உள்ளே வரைவியல் அலகு இல்லை. வரைவியல் அட்டை தனியாக வாங்காவிட்டால் திரையில் எதுவும் தெரியாது. மாறாக, ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி இல் உள்ள ஜி, வரைவியல் அலகு உள்ளேயே உண்டு என்பதைக் குறிக்கும்.

5. பணத்தைப் பங்கிடுதல்

விலை மாதந்தோறும் மாறுவதால் இங்கு விலை தரப்படவில்லை. முறை மட்டும் தரப்படுகிறது.

(அ) வரைவியல் அட்டை வாங்கப் பணம் இல்லையெனில்: 5600ஜி போன்று வரைவியல் அலகு உள்ளடங்கிய முறைவழியாக்கியைத் தெரிவு செய்க. இதில் 6 கருக்களும் 12 இழைகளும் உண்டு. இவ்வரைவியல் அலகு றாமையே பங்கிட்டுக் கொள்வதால், 16 கிகாபைற்று ஒரே அட்டையாக இருப்பதை விட 8 கிகாபைற்று அட்டைகள் இரண்டாக இருப்பது நன்று.

(ஆ) சிறிய வரைவியல் அட்டைக்குப் பணம் உண்டெனில்: ஐ3-12100எஃப் போன்ற விலை குறைந்த முறைவழியாக்கியை வாங்கி, மீதியை அட்டைக்கு ஒதுக்குக. விலை கூடிய முறைவழியாக்கியுடன் வலுக் குறைந்த அட்டையை இணைத்தால் முன்னையது வீணே காத்திருக்கும்.

(இ) எந்த விளையாட்டு என்பதையும் எண்ணிப் பார்க்க. வலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவற்றைக் காட்சித் தரத்தைக் குறைத்து விளையாடும்போது வேகம் பெரும்பாலும் முறைவழியாக்கியிலேயே தங்கியுள்ளது. அழகிய காட்சிகள் நிறைந்த பெரிய விளையாட்டுகள் வரைவியல் அட்டையையே அதிகம் நம்பியுள்ளன.

(ஈ) தாய்ப்பலகையின் சொக்கட் பொருந்த வேண்டும். ஐ7-2600 பொருந்தும் பலகையில் ஐ3-12100 பொருந்தாது. பழைய கணினியை வாங்கிப் பிறகு புரொசெசரை மட்டும் மாற்றலாம் என்று கடைக்காரர் சொன்னால், எந்தத் தலைமுறை வரை அப்பலகை ஏற்கும் எனக் கேளுங்கள்.

6. நமது காலநிலை

முறைவழியாக்கியின் வெப்பநிலை ஏறத்தாழ 90 முதல் 100 பாகை செல்சியஸை எட்டினால், அது தன்னைப் பாதுகாக்கத் தானே வேகத்தைக் குறைக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே, கல்லடியிலும் காத்தான்குடியிலும், தகரக் கூரையின் கீழ் நண்பகலில் விளையாடும்போது விளையாட்டு திடீரென மந்தமாவதற்கு இது காரணமாகலாம். குளிர்விசிறியில் தூசு படியவிடாதீர்கள். பாவித்த கணினியாயின் விசிறியின் கீழுள்ள வெப்பக் கடத்திப் பசையைப் புதிதாக இடச் செய்யுங்கள். பெட்டியைச் சுவருடன் ஒட்டி வைக்க வேண்டாம்.

நினைவிற் கொள்க

• கடையில் முதலில் முழு எண்ணையும் கேட்க வேண்டும். "ஐ5", "ஐ7" என்ற விடை போதாது.
• தலைமுறை, கருக்கள், கடிகார வேகம், பதுக்கு நினைவகம் ஆகிய நான்கையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.
• முறைவழியாக்கியும் வரைவியல் அட்டையும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. 3.6 கிகாஹேர்ட்ஸ் வேகமுடைய ஒரு கருவுக்கு, செக்கனுக்கு 60 சட்டகங்கள் வீதம், ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் கடிகாரத் துடிப்புகள் எத்தனை?
2. பதுக்கு நினைவகம் கூடுவதால் முறைவழியாக்கியின் செயற்றிறன் கூடுவது ஏன்?
3. ஒரு கடையில் ஐ7-3770 கணினியும் ஐ3-10100 கணினியும் ஒரே விலைக்கு உள்ளன. நீர் எதைத் தெரிவு செய்வீர்? இரண்டு காரணங்கள் தருக.

விடைகள்: (1) 6 கோடி. (2) அடிக்கடி தேவைப்படும் தரவுகளுக்காக முதன்மை நினைவகத்தை நாடிக் காத்திருக்கும் நேரம் குறைவதால். (3) ஐ3-10100. இரண்டிலும் 4 கருக்களும் 8 இழைகளும் இருந்தாலும், இது 10ஆம் தலைமுறையைச் சேர்ந்தது என்பதால் ஒரு துடிப்பில் கூடிய வேலை செய்யும். விண்டோஸ் 11 இதனை ஏற்கும்.

மூன்றாவது வினாவுக்குக் கடிகார வேகத்தை மட்டும் காரணமாக எழுதியவர்கள் இரண்டாம் பகுதியை மீண்டும் ஒரு முறை வாசிக்கவும்.