பழி ஓரிடம், பிழை வேறிடம்!

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

மலைகளின் அரசி எனப் புகழப்படும் நம் நீலகிரியில் எந்தக் குறை நேர்ந்தாலும் முதலில் பழியேற்பது மூடுபனிதான். பேருந்து தாமதமானால் பனி. துணி உலராவிட்டால் பனி. தொலைபேசியில் குரல் கேட்காவிட்டாலும் பனி. நானும் அவ்வாறே ஒரு குற்றத்தைப் பனியின்மேல் சுமத்தினேன். பின்னர் உண்மைக் குற்றவாளியைக் கண்டபோது நாணி நின்றேன். அந்த அனுபவம் நண்பர்களுக்குப் பயன்படும் என்றெண்ணி இதனை எழுதுகிறேன்.

குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வீடு என் இல்லம். பள்ளத்தில் இருப்பதால் அங்கே கைபேசிக்கு அலை கிட்டாது. மேட்டிலுள்ள படிப்பகத்தில் மட்டும் கம்பிவழி இணைய இணைப்பும், நன்கொடையாக வந்த பழைய கணிப்பொறி ஒன்றும் உண்டு. அதில் இயங்குவது விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ். பிளஸ் டூ தேறிய என் தங்கையும் அவளுடைய தோழியரும் கல்லூரிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டிய நேரம் அது. கணிப்பொறி ஒன்று, பிள்ளைகளோ பதினொருவர். கைபேசி பலரிடமும் இருந்தது. ஆகவே கணிப்பொறியையே ஒரு வைஃபை நிலையமாக்க முடிவு செய்தோம். கட்டைவிரல் அளவேயுள்ள யு.எஸ்.பி. வைஃபை கருவி ஒன்றை வாங்கிச் செருகினோம்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். சாதாரணமாக இக்கருவி வேறொரு நிலையத்தோடு சேர்ந்துகொள்ளும் விருந்தாளி மட்டுமே. அதனை விருந்தளிக்கும் வீட்டுக்காரனாக மாற்றினால், "நான் இங்கே இருக்கிறேன்" என்று நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை அது அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாக் கருவிகளாலும் இது இயலாது. எனவே நான் வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்டேன்.

கணிப்பொறி கருவியைக் காண்கிறதா? 'எல்எஸ்யுஎஸ்பி' என்ற கட்டளை அதன் பெயரைக் காட்டியது. வீட்டுக்காரனாகும் தகுதி அதற்கு உண்டா? 'ஐடபிள்யூ லிஸ்ட்' தரும் பட்டியலில் 'ஏபி' என்ற சொல் இருந்தது, உண்டு. வேறெவரேனும் அதைப் பற்றியிருக்கிறார்களா? ஆம், நெட்வொர்க் மேனேஜர் என்ற நிரல் பற்றியிருந்தது. நிலையத்தை நடத்தும் ஹோஸ்ட்ஏபிடி என்ற நிரலுக்காக அதனை விலகியிருக்கச் செய்தேன். எந்த நாடு என்று சொல்லியாயிற்றா? சொல்லாவிட்டால் சில அலைவரிசைகளில் நிலையம் தொடங்கக் கருவி மறுக்கும். இந்தியா என்று குறித்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் குறைந்த ஆற்றலுள்ள இத்தகைய கருவிகளுக்கு நம் நாட்டில் 2005 முதல் உரிமம் தேவையில்லை.

நிலையம் எழுந்தது, பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர். ஆனால் மாலை ஆறு மணிக்குமேல் தங்கையின் குரல்: "அண்ணா, போயிருச்சு!" விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் அறுந்துவிட்டது. மறுநாளும் அப்படியே, மூன்றாம் நாளும் அப்படியே. கடைசித் தேதிக்கு இரண்டே நாட்கள் இருந்தன.

"மூட்டம் இறங்கினா டவரே எடுக்காது தம்பி, இந்தக் குச்சியா எடுக்கும்?" என்றார் படிப்பகத்துத் தாத்தா. நானும் நம்பினேன். கருவியை உயரே சன்னலுக்குக் கொண்டுசெல்ல முதல் நாளே மூன்று மீட்டர் நீட்டிப்பு வடம் ஒன்றைக் குன்னூர் மார்க்கெட்டில் வாங்கி மாட்டியிருந்தேன்.

அன்றிரவு உதகைக்கு அருகிலுள்ள முத்தோரை வானொலித் தொலைநோக்கி நினைவுக்கு வந்தது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அது, 1970 முதல் இந்த மூடுபனிக்கு நடுவிலேதான் விண்ணைக் கேட்டுவருகிறது. அது வாங்கும் அலையின் நீளம் ஏறத்தாழ 92 செ.மீ.; வைஃபை அலையின் நீளம் 12.5 செ.மீ. பனித்துளியின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு. யானை நடக்கும் பாதையில் கடுகு தடையாகுமா? ஈரச் சுவரும் நனைந்த மரக்கிளைகளும் இவ்வலையை ஓரளவு உறிஞ்சும். பனியோ பத்தடித் தூரத்தில் ஒன்றும் செய்யாது.

அப்படியானால் மாலையில் மட்டும் அறுவானேன்? மாலையில் பனி வருகிறது, பிள்ளைகளும் வருகிறார்கள்! இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மறுநாள் விடியலில், எதிரிலிருப்பவர் தெரியாத பனியில், ஒரே கைபேசியை இணைத்தேன். ஒரு மணி நேரம் அறவில்லை. வெயிலடித்த நண்பகலில் ஏழு கைபேசிகளை ஒன்றாக இணைத்தேன். நான்கே நிமிடங்களில் அறுந்தது. பனி நிரபராதி!

லினக்ஸ் தன் நிகழ்ச்சிகளையெல்லாம் நாட்குறிப்புப்போல் எழுதிவைக்கும். 'டிமெசேஜ்' என்ற கட்டளையால் அதைப் படித்தேன். யு.எஸ்.பி. கருவி துண்டிக்கப்பட்டது என்றும், சில நொடிகளில் புதிய எண்ணோடு மீண்டும் வந்தது என்றும் மாறி மாறி எழுதியிருந்தது. அறுந்தது அலையன்று, மின்சாரம்!

ஓம் விதியை நாம் முதலாண்டிலேயே படித்தோம். மலிவு வடத்தின் மெல்லிய செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 ஓம் மின்தடை. மூன்று மீட்டர் வடத்தில் போகவும் வரவும் 6 மீட்டர், ஆகவே 1.2 ஓம். பலருக்கு ஒருங்கே அலை பரப்பும்போது கருவி 0.4 ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், ஏறத்தாழ 0.5 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. 5 வோல்ட் எதிர்பார்க்கும் கருவிக்கு 4.5 வோல்ட்தான் கிட்டும். அது மயங்கி விழாமல் என்ன செய்யும்? பனியை வெல்ல நான் வாங்கிய வடமே குற்றவாளி!

வடத்தைக் கழற்றினேன். கருவியைக் கணிப்பொறியின் பின்புறத் துளையில் நேரே செருகி, மேசையையே சன்னலருகில் நகர்த்தினோம். அன்று மாலை வழக்கம்போல் பனி இறங்கியது; பதினொரு பிள்ளைகளும் திண்ணையில் அமர்ந்தனர். இரவு எட்டரை மணிக்குள் அத்தனை விண்ணப்பங்களும் சென்று சேர்ந்தன. தங்கை ரசீது எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு அம்மாவிடம் காட்ட ஓடினாள்.

நோயை அறிந்தபின் அதன் காரணத்தையும் ஆராயச் சொன்னார் வள்ளுவர். உடன் நிகழ்வதெல்லாம் காரணமாகிவிடாது என்பதை மூன்று மீட்டர் வடம் எனக்குக் கற்பித்தது. நண்பர்களே, ஒரு கருவி பழுதுபட்டால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். கடைசியாக நீங்களே சேர்த்த பொருளை முதலில் ஐயுறுங்கள். தாத்தா மட்டும் இன்றும், "அன்னிக்கு மூட்டம் கொஞ்சம் கம்மிதான் தம்பி" என்கிறார்!