சங்கத்தின் பேரேடு எங்கே இருக்க வேண்டும்?

கூட்டுறவுச் சங்கத்திற்குக் கணக்கே உயிர்நாடி. நெசவாளர் பெற்றுச் சென்ற பாவு, ஊடையின் எடை, நெய்து கொடுத்த சேலைக்கு உரிய கூலி, அக்கூலியில் பிடித்த சேமிப்புத் தொகை, விவசாயி வாங்கிய பயிர்க்கடன், அவர் செலுத்திய தவணை ஆகிய யாவும் பேரேட்டில் உள்ளபடியே செல்லுபடியாகும். பேரேடு தவறினால் நஷ்டம் அடைபவர் அங்கத்தினரே.

அந்தப் பேரேடு இப்பொழுது காகிதத்தை விட்டுக் கணினிக்குப் பெயர்ந்து வருகிறது. 2022ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி, 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ. 2,516 கோடி மதிப்பிலான திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அத்திட்டத்தில் சேர்ந்த சங்கங்களுக்குப் பொதுவான மென்பொருளே வகுக்கப்பட்டது. தமது மென்பொருளைத் தாமே தேர்ந்துகொள்ளும் பிற சங்கங்களின் நிர்வாகக் குழுவினர் முன்னிலையிலோ ஒரு கேள்வி எழுகிறது. கணினியில் நிறுவப்படும் மென்பொருளை வாங்குவதா, உலாவி வழியே இயங்கும் மென்பொருளை ஏற்பதா என்பதே அது.

முதல் வகையில், மென்பொருள் அலுவலகக் கணினியிலேயே நிறுவப்படுகிறது. கணக்கும் பெரும்பாலும் அக்கணினியின் வட்டிலேயே தங்குகிறது. வணிகர் பலரும் அறிந்த டாலி இவ்வகையில் வளர்ந்ததே. இரண்டாம் வகையில், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவி ஒன்று இருந்தால் போதும். முகவரியையும் கடவுச்சொல்லையும் இட்டவுடன் கணக்கு திரையில் தோன்றும். அது இருப்பதோ பெரும்பாலும் வெளியூரில் உள்ள சர்வரில். ஜெனிவா அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் 1990ஆம் ஆண்டு டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் உலாவி, ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதற்கான கருவி. இன்று வணிகம் முழுவதையும் அதன் வழியே நடத்தலாம்.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் உணர வேண்டும். திரை வேறு, பேரேடு தங்கும் இடம் வேறு. சங்கக் கட்டடத்திலேயே ஒரு சர்வரை வைத்து, மற்ற மேசைகளில் உலாவியைப் பயன்படுத்துவதும் உண்டு. நிறுவப்பட்ட மென்பொருள் வெளியூர்ச் சர்வரோடு தொடர்பு கொள்வதும் உண்டு. ஆகவே இவ்விரண்டையும் ஒரே கேள்வியாகக் குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியே ஆராய்வது நலம்.

முதலில் திரையைக் கவனிப்போம். நாளொன்றுக்கு நூறு ரசீதுகளைப் பதியும் குமாஸ்தாவுக்குக் கைவேகமே முக்கியம். நிறுவப்பட்ட மென்பொருளில் விசைகள் யாவும் அதன் ஆளுகையில் இருக்கும். டாலியில் எஃப் 5 விசை பட்டுவாடாச் சீட்டைத் திறக்கும். உலாவியில் அதே விசை பக்கத்தை மறுபடி ஏற்றும். மென்பொருளை எழுதியவர் முன்கூட்டியே தடுத்து வைக்காவிடில், பாதி பதிந்த சீட்டு அழிந்துபோகலாம். நூல் நிறுக்கும் தராசையோ ரசீது அச்சிடும் கருவியையோ இணைப்பதும் நிறுவப்பட்ட மென்பொருளுக்கு எளிது. உலாவிகள் பாதுகாப்பின் பொருட்டு இத்தகைய கருவிகளிடமிருந்து விலக்கி வைக்கப்பட்டவை. குரோம் உலாவி 2021ஆம் ஆண்டில்தான் தராசு போன்றவற்றை நேரே இணைக்க வழி செய்தது; அதற்கும் பயன்படுத்துவோரின் அனுமதி வேண்டும்.

உலாவிக்கும் சிறப்புகள் உள. மென்பொருளில் திருத்தம் நேர்ந்தால் சர்வரில் ஓரிடத்தில் மாற்றினால் போதும். ஒவ்வொரு கணினியாக ஆள் வந்து செல்ல வேண்டியதில்லை. தலைமை அலுவலகம், விற்பனை நிலையம், கிடங்கு எனப் பல இடங்களில் இயங்கும் சங்கத்தில் அனைவரும் ஒரே இருப்பைக் காணலாம். கிடங்கில் இல்லாத சேலைக்கு விற்பனை நிலையத்தில் ஆர்டர் பெறும் சங்கடம் குறையும்.

காலத்தால் பழுதாவதில் இரண்டும் சமமே. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிவுற்றது. அதே நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவி 2022ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் தேதி ஓய்வு பெற்றது. அதை மட்டும் நம்பி எழுதப்பட்ட மென்பொருள்களுக்கு மாற்று ஏற்பாடு தேட நேர்ந்தது. எனவே, ஒரே உலாவியில் மட்டும் இயங்குவதை உலாவி மென்பொருள் என்று நம்பி வாங்குதல் தகாது.

இனி, பேரேடு தங்கும் இடத்தைக் காண்போம். கணக்கு வெளியூரில் இருந்து, தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் இணைய இணைப்பு அறுந்தால் பில் போட இயலாது. வந்தவர் வேறு கடைக்குச் செல்வார். கணக்கு சங்கக் கணினியிலேயே இருந்து, அதன் வட்டு பழுதானாலோ, கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தாலோ, நகல் இல்லாத சங்கம் ஆண்டுக்கணக்கான கூலி விவரத்தையும் சேமிப்பு விவரத்தையும் ஒரே நாளில் இழக்கும். முன்னதில் போவது ஒரு நாள் விற்பனை. பின்னதில் போவது அங்கத்தினரின் உரிமைக்கான சான்று. இரண்டாவது நஷ்டமே பெரிது என்பதில் ஐயமில்லை.

செலவையும் கணக்கிட வேண்டும். உதாரணமாக, மாதம் ரூ. 1,500 சந்தா என்றால் ஐந்து ஆண்டுகளில் ரூ. 90,000 ஆகும். விலை ரூ. 25,000, ஆண்டுப் பராமரிப்பு ரூ. 6,000 என்றால் அதே காலத்தில் ரூ. 55,000 ஆகும். ஆனால் பின்னதில் நகல் எடுக்கும் வட்டு, பழுது பார்க்கும் கூலி, அதைக் கவனிக்கும் ஊழியரின் நேரம் ஆகியன சேரவில்லை. சந்தா நின்றால் கணக்கைப் பார்க்கவும் முடியாமற் போகுமா என்பதையும் முன்னரே கேட்டறிதல் அவசியம்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கின், ஒரே அலுவலகமும் ஓரிரு குமாஸ்தாக்களும் நிலையற்ற இணைய இணைப்பும் உள்ள சங்கத்திற்கு நிறுவப்படும் மென்பொருளே பொருந்தும். நாள்தோறும் ஒரு நகல் அலுவலகத்திற்கு வெளியே செல்ல வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பல கிளைகளும் நம்பத்தக்க இணைப்பும் உள்ள சங்கத்திற்கு உலாவி வழியே ஏற்றது. இரண்டாவது இணைப்பு ஒன்றைக் கைவசம் வைப்பது நன்று. விற்பனை மேசைக்கு மட்டும், இணைப்பு இல்லாதபோது பில்லைச் சேமித்து வைத்துப் பின்னர் சர்வருக்கு அனுப்பும் மென்பொருளைக் கேட்டுப் பெறலாம்.

எந்த வழியாயினும் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருத்தல் வேண்டும். முதலாவது, கணக்கு சங்கத்தின் சொத்து. கேட்டபோதெல்லாம், பிற மென்பொருள்களும் படிக்கத்தக்க வடிவில் முழுவதையும் தர வேண்டும். இரண்டாவது, அங்கத்தினர் பெயர்கள் ஒருங்குறித் தமிழில் பதியப்பட வேண்டும். பழைய தனி எழுத்துருக்களில் பதிந்த பெயர்கள் வேறு மென்பொருளில் வெறும் குறிகளாகத் தோன்றும். மூன்றாவது, ஒவ்வொரு ஊழியருக்கும் தனிக் கடவுச்சொல் இருந்து, யார், எந்நேரம், எதைத் திருத்தினார் என்பது அழியாமல் பதிவாக வேண்டும். தணிக்கைக்கு வரும் எங்களுக்கு இது உதவும் என்பதைக் காட்டிலும், நேர்மையான ஊழியருக்கு இதுவே காப்பு.

விற்க வருபவர் காட்டும் அழகிய திரையைக் கண்டு உடனே தீர்மானம் நிறைவேற்ற வேண்டாம். ஒரு மாதம் கைப்பேரேட்டையும் கணினியையும் ஒருசேர நடத்திப் பார்க்கவும். அம்மாதத்தில் ஒரு நாள் இணைப்பை வேண்டுமென்றே துண்டித்தும், மற்றொரு நாள் நகலிலிருந்து கணக்கை வேறு கணினியில் மீட்டும் சோதிக்கவும். மாத முடிவில் இரு கணக்குகளிலும் அங்கத்தினர் ஒவ்வொருவரின் பாக்கியும் ஒத்திருக்கின்றனவா என்று காரியதரிசி சரிபார்த்து, அறிக்கையை நிர்வாகக் குழுவின் முன் வைக்கட்டும். தீர்மானம் அதன் பிறகு நிறைவேறலாம்.