பாபிலோனுக்குப் போன கடிதம்

டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவு. மும்பையில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடும் பல சபைகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வருஷப் பிறப்பு ஆராதனை முடிகிற நேரம். ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொருவராக வந்து ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். ஒரு பக்கம் ரோஜாப் பூவோ அருவியோ படம். மறு பக்கம் வேதாகமத்திலிருந்து ஒரு வசனம். ‘வாக்குத்தத்த அட்டை’ என்று அதற்குப் பெயர். வருகிற வருஷத்துக்குக் கடவுள் தமக்குக் கொடுத்த வாக்கு என்று அதைப் பத்திரப்படுத்துவார்கள். நிலைப்படிக்கு மேல் ஒட்டுவோர் உண்டு. லோக்கல் ரயில் பாஸ் வைக்கும் உறைக்குள் செருகுவோர் உண்டு.

அப்படிப் பாஸ் உறைக்குள் நாற்பது வருஷங்களுக்கும் மேலாக ஒரே அட்டையை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். நெல்லைச் சீமைக்காரர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 1979இல் பம்பாய் வந்து, ஒரு பஞ்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். 1981 டிசம்பர் 31 இரவு அவர் எடுத்த அட்டையில் இருந்தது எரேமியா புத்தகம், 29ஆம் அதிகாரம், 11ஆம் வசனம். தன் ஜனத்தைப் பற்றிக் கடவுள் நல்ல எண்ணமே வைத்திருக்கிறார், அவர்களுடைய எதிர்பார்ப்பு வீண் போகாது என்பது அதன் சாரம்.

மனிதருக்கு ஒரே சந்தோஷம். இந்த வருஷம் சம்பள உயர்வு நிச்சயம், ஊரில் இருக்கும் மனைவியை அழைத்து வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

பதினெட்டாம் நாள், 1982 ஜனவரி 18ஆம் தேதி, பம்பாய் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்தது. பல மில்களின் கதவு பிறகு திறக்கவே இல்லை. நம்மவர் வேலை பார்த்த மில்லும் அதில் ஒன்று.

கடுதாசியை வாசித்தாயா?

ஏப்ரல் மாதம் கையிருப்பு தீர்ந்தது. ஊருக்கு மணியார்டர் நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அட்டையை எடுத்துக்கொண்டு நேரே உபதேசியாரிடம் போய், “ஐயா, இதை நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு இது பலிக்கலை” என்று நீட்டினாராம்.

உபதேசியார் வாங்கவில்லை. “தம்பி, இது ஒரு கடுதாசியில உள்ள ஒத்தை வரி. கடுதாசியை முழுசா வாசிச்சியா?” என்று கேட்டார்.

“இல்லைய்யா.”

“வீட்டுல இருந்து வந்த கடுதாசியில ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து வாசிப்பியா? உக்காரு.”

சபைக்கு வெளியே திண்ணையில் அமர்ந்து இருவரும் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தார்கள். “அன்னைக்குத்தான் எனக்கு வேதம் வாசிக்கவே தெரிஞ்சது” என்கிறார் பெரியவர்.

அந்தக் கடிதத்தில் அப்படி என்ன இருக்கிறது? மதம் எதுவானாலும், ஊரை விட்டு வந்து பிழைக்கிற யாரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இருக்கிறது.

தச்சரும் கொல்லரும்

கி.மு. 597. பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். இளம் ராஜா எகொனியாவையும் அரண்மனைக்காரர்களையும் சிறைப்படுத்திப் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அவர்களோடு யாரைக் கொண்டுபோனான் தெரியுமா? தச்சர்களையும் கொல்லர்களையும். கைத்தொழில் தெரிந்தவர்களைப் பொறுக்கி எடுத்தான். எரேமியா தீர்க்கதரிசி எருசலேமில் இருந்தபடி இவர்களுக்குத்தான் கடிதம் எழுதினார். யூதாவின் புதிய ராஜா பாபிலோனுக்கு அனுப்பிய தூதர் இருவர் கையில் அது போயிற்று.

கடிதத்தில் ‘சீக்கிரம் மீட்பு வரும், பெட்டியைக் கட்டித் தயாராக இருங்கள்’ என்று இருக்கும் என எதிர்பார்ப்போம். அப்படி இல்லை. வீடு கட்டிக் குடியிருங்கள் என்கிறார். தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள் என்கிறார். கல்யாணம் செய்யுங்கள், பிள்ளை பெறுங்கள், பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறார். அதற்கும் மேலே ஒரு படி போகிறார்: உங்களைச் சிறைப்படுத்திய அதே பட்டணத்தின் நன்மையைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள், அது நன்றாக இருந்தால்தான் நீங்கள் நன்றாக இருப்பீர்கள்!

ஊருக்குத் திரும்புவது எப்போது? எழுபது வருஷம் கழித்து.

அட்டையில் அச்சடிக்கப்படும் அந்த ஆறுதல் வசனம் இதற்கு அடுத்தபடியாகத்தான் வருகிறது. எழுபது வருஷம் என்றால், கடிதம் வாங்கிய பெரியவர்களில் பலர் ஊர் மண்ணை மறுபடி மிதிக்கப் போவதில்லை. அது தெரிந்தே சொல்லப்பட்ட ஆறுதல் அது.

இரண்டு வருஷக் கணக்கு

இதற்கு முந்திய அதிகாரத்தில் இன்னொரு தீர்க்கதரிசி வருகிறார். பெயர் அனனியா. எருசலேம் ஆலயத்தில், எல்லார் முன்பாகவும், ‘இன்னும் இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள்’ என்று உரக்கச் சொன்னார். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா தம் கழுத்தில் மர நுகம் பூட்டியிருந்தார். அனனியா அதைப் பிடுங்கி உடைத்தும் போட்டார். எரேமியா உடனே சண்டைக்குப் போகவில்லை. ‘ஆமென், அப்படியே நடக்கட்டும்’ என்றுதான் முதலில் சொன்னார். அவருக்கும் அதுதானே ஆசை! ஆனால் அனனியா சொன்னது நடக்கவில்லை. கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேஸ் பாபிலோனைப் பிடித்த பிறகுதான் திரும்பும் வழி திறந்தது.

‘இன்னும் இரண்டு வருஷம்.’ இந்த வார்த்தையைக் கேட்டதும் நமக்குச் சுருக்கென்கிறது அல்லவா? மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் நம்மவர் வாயில் தினம் வரும் வார்த்தை இது. ‘தங்கச்சி கல்யாணம் முடியட்டும், ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடலாம்.’ அந்த இரண்டு வருஷத்துக்காக அலமாரி வாங்குவதில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டியைப் பிரிப்பதில்லை. இந்த ஊர்ப் பாஷையைப் படிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக்கூடக் கேட்பதில்லை. இருபது வருஷம் ஓடிவிடும். ஊரிலும் வாழவில்லை, இங்கும் வாழவில்லை என்ற கணக்கில் முடியும்.

அனனியா சொன்னதும் ஆறுதல்தான். கேட்க இனிப்பான ஆறுதல். எரேமியா சொன்னதும் ஆறுதல்தான். ஆனால் காலையில் எழுந்து ஒரு வேலை செய்யச் சொல்லும் ஆறுதல். வேதத்தைத் தினம் வாசிக்கிறவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: நான் தேடுவது அனனியாவின் வார்த்தையையா, எரேமியாவின் வார்த்தையையா?

ராஜாவுக்கும் ரேஷன்

பாபிலோன் இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகைகள் சில பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஏறக்குறைய 2,600 வருஷத்துக்கு முந்திய அரண்மனைக் கணக்குகள் அவை. யார் யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளந்து கொடுக்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தப் பட்டியலில் யூதாவின் ராஜா எகொனியாவின் பெயரும் இருக்கிறது! ராஜாவே பிற ஊரில் அளந்து ஊற்றிய எண்ணெயை வாங்கித்தான் காலம் தள்ளினார். ரேஷன் கடை வரிசையில் டின்னைப் பிடித்து நின்றவர்களுக்கு இதன் அருமை புரியும்.

வேறு சில பலகைகள் அந்த நாட்டில் குடியேறிய யூதர்களுடைய நிலக் குத்தகை, வரி, கடன் விவரங்களைச் சொல்கின்றன. கடிதத்தில் சொன்னபடியே அவர்கள் குடியிருந்தார்கள், பயிர் செய்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள் என்று தெரிகிறது.

அகதிகள் தொடங்கிய வழக்கம்

தினம் ஒரு வசனம் என்ற வழக்கத்துக்குப் பிரபலமான வடிவம் கொடுத்தவர்களும் ஊரை விட்டு வந்தவர்களே. மத வேற்றுமை காரணமாக மொரேவியாவிலிருந்து வெளியேறியவர்கள் 1722இல் ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற குடியிருப்பை அமைத்தார்கள். இடம் கொடுத்தவர் சின்சென்டார்ஃப் பிரபு. 1728இல் அவர் ஒரு மாலைக் கூட்டத்தில் மறுநாளைக்கென்று ஒரு சிறு வாசகம் சொல்லி அனுப்பினார். மறுநாள் அது வீடு வீடாகப் போயிற்று. 1731 முதல் வருஷந்தோறும் புத்தகமாக அச்சாகிறது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவருகிறது. பழைய ஏற்பாட்டு வசனங்கள் சுமார் 1,800லிருந்து சீட்டுப் போட்டு எடுக்கப்படுகின்றன. ஆனால் தனி ஆளின் அதிர்ஷ்டத்துக்காக எடுப்பதில்லை. எல்லாருக்கும் அந்த நாளில் அதே வசனம்தான். இந்த மொரேவியர்களில் ஒரு குழுவினர் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள்.

தரங்கம்பாடி என்றதும் சீகன்பால்கு நினைவுக்கு வருவார். 1706இல் வந்து இறங்கிய அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அங்கேயே அச்சிட்டு முடிக்கப்பட்டது. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. முப்பத்தாறு வயதிலேயே அவர் காலமானார். அவர் தொடங்கி வைத்த பழைய ஏற்பாட்டைப் பின்னால் வந்த ஷுல்ட்சே முடித்தார். 1871இல் வெளிவந்த திருத்திய மொழிபெயர்ப்பைத்தான் தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகள் பெரும்பாலும் இன்றும் வாசிக்கின்றன. கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. ஒற்றை வரி அட்டையோடு நின்றுவிட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. முழுப் புத்தகமும் தாய்மொழியில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

டால்டா டின்னில் தோட்டம்

பெரியவர் கதைக்கு வருவோம். திண்ணையில் கடிதத்தை வாசித்தபின் அவர் என்ன செய்தார்?

மில் திறக்கும் என்று வாசலில் போய் நிற்பதை விட்டார். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் கணக்கெழுதப் போனார். சம்பளம் பழையதில் பாதி. மனைவியை அழைத்து வந்தார்; ஒற்றை அறைதான் வீடு. “தோட்டம் போடச் சொல்லியிருக்கே, இடம் ஏது? டால்டா டின்னில் ஒரு கறிவேப்பிலைச் செடி வச்சோம்” என்று சிரிக்கிறார். ராத்திரியில் மராத்தி எழுத்துக் கற்றுக்கொண்டார். தெருவில் தமிழர்களுக்கு ரேஷன் கார்டு மனு, மணியார்டர் பாரம், பள்ளிக்கூட விண்ணப்பம் எல்லாம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்.

பட்டணத்தின் நன்மையைத் தேடு என்பதற்குப் பத்து வருஷம் கழித்துப் பரீட்சை வந்தது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாயில் கலவரம். தாராவியும் தப்பவில்லை. இவர்கள் சந்தில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூன்று பேரும் உண்டு. யாருடைய வீடும் எரியக் கூடாது என்று ஆண்கள் முறை வைத்து விழித்திருந்தார்கள். மராத்தி பேசத் தெரிந்த தமிழர் என்பதால் இவரைத்தான் தூது பேச அனுப்புவார்களாம். “பயமாத்தான் இருந்துச்சு. அந்த ராத்திரியெல்லாம் அந்தக் கடுதாசியத்தான் நெனைச்சுக்கிட்டேன்” என்கிறார்.

“வாக்கு நிறைவேறினதா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. “மில் வேலை திரும்பக் கிடைக்கலை, தம்பி. ஊருல வீடு கட்டணும்னு இருந்தேன், அதுவும் முடியலை. ஆனா அன்னன்னைக்கு வேண்டியது அன்னன்னைக்கு வந்துட்டுது. மறுநாளைக்குச் சேத்து வரலை” என்றார்.

வனாந்தரத்தில் விழுந்த மன்னாவைப் பற்றி யாத்திராகமம் 16ஆம் அதிகாரம் சொல்வதும் இதுதான். ஆளுக்கு ஓர் அளவு, அன்றைக்கு மட்டும். மிச்சம் பிடித்து வைத்ததில் புழு பிடித்தது. ஓய்வுநாளுக்காக மட்டும் முந்தின நாள் இரட்டிப்பாகக் கிடைத்தது. மாதச் சம்பளக்காரனுக்கும் தினக் கூலிக்காரனுக்கும் நன்றாகப் புரியும் கணக்கு இது. தைரியத்தையும் மொத்தமாக வாங்கி மூட்டை கட்டி வைக்க முடியாது. தினம் காலையில் போய்ப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போதும் பெரியவர் விடிகாலையில் ஓர் அதிகாரம் வாசிக்கிறார். வாசிக்கும்போது மூன்று கேள்வி கேட்டுக்கொள்வாராம். யார் சொன்னது? எந்த நிலைமையில் இருந்தவர்களுக்குச் சொன்னது? இன்றைக்கு நான் செய்ய வேண்டியது என்ன? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காமல் புத்தகத்தை மூடுவதில்லை. சில நாள் அந்தப் பதில், கோபித்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் முதலில் பேசுவது என்ற அளவில்தான் இருக்குமாம்.

பாஸ் உறையைத் திறந்து அட்டையைக் காட்டினார். ரோஜாப் பூ வெளுத்துவிட்டது. எழுத்தும் பாதி அழிந்துவிட்டது. “புது அட்டை எடுத்துக்கொள்ளலாமே” என்றேன்.

“வருஷா வருஷம் எடுக்கேன். எடுத்ததும் அந்த அதிகாரத்தை முழுசா வாசிச்சிருவேன். இது மட்டும் இங்கேயே இருக்கட்டும்” என்று உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த டிசம்பர் 31 இரவு தட்டிலிருந்து அட்டை எடுக்கப் போகும் அன்பர்களே, வீட்டுக்கு வந்ததும் வேதப் புத்தகத்தைத் திறந்து, அந்த வரிக்கு மேலேயும் கீழேயும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கடிதம் உங்களுக்கும் வந்திருக்கலாம்.