அட்டையில் 28 மாத்திரை

திருக்காட்டுப்பள்ளி பக்கம், காவிரிக்கும் குடமுருட்டிக்கும் இடைப்பட்ட ஊர்களில் நடவுக்கும் களைக்கும் போகும் நம் பெண்களிடம் குடும்பக்கட்டுப்பாடு என்றால் ஒரே அர்த்தம்தான்: இரண்டு பிள்ளை பிறந்ததும் ஆபரேஷன். தலைப்பிள்ளைக்கும் அடுத்ததற்கும் நடுவே உடம்பு தேற இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போட வழி உண்டு என்பதை உட்கார்ந்து சொல்பவர்கள் குறைவு.

கர்ப்பத்தடை வசதியை அரசே மக்களுக்குத் தர வேண்டும் என்ற தீர்மானம் 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் வந்தது. அண்ணல் அம்பேத்கர் தயாரித்த உரையை அவர் சார்பில் பி.ஜே.ரோஹம் அவையில் வைத்தார். தீர்மானம் தோற்றது. அன்று மறுக்கப்பட்டது இன்று 'மாலா-என்' மாத்திரையாக அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. கடைத்தெருவில் தெரிந்தவர் கண்ணில் பட்டு வாங்க வேண்டியதில்லை. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்கலாம்.

ஒரு அட்டையில் 28 மாத்திரை. வெள்ளை 21-ம் கருத்தடைக்கு. நிறம் வேறாக உள்ள 7-ம் இரும்புச்சத்து. அந்த வாரத்தில்தான் தீட்டு வரும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு அந்த ஏழும் லாபம்தான், தூக்கிப் போடாதீர்கள். தீட்டு தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால் உடனே பாதுகாப்பு. பிந்தினால் முதல் ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். அட்டை முடிந்த மறுநாளே அடுத்த அட்டை.

வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை, வரும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அப்படிப் போட்டால் வேலை செய்யாது. தினமும், ஒரே நேரத்தில். நடவுக் காலத்தில் விடியும் முன்பே ஓடுகிறவர்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரமே தோது. தவறாமல் போட்டால் வருடத்தில் நூறு பேரில் ஒருவருக்குக்கூடக் கர்ப்பம் தங்குவது அரிது; விட்டுவிட்டுப் போடுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏழு பேர் வரை.

ஒரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் போட்டுவிட்டு வழக்கம்போல் தொடருங்கள். தொடர்ந்து இரண்டு நாளோ அதற்கு மேலோ வெள்ளை மாத்திரை விட்டுப்போனால், உடனே ஒன்று போட்டு, ஏழு நாள் ஆணுறையும் சேர்க்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் அப்படி விட்டால், மிச்ச வெள்ளையை முடித்து, இரும்பு மாத்திரையைத் தவிர்த்து நேராகப் புது அட்டைக்குப் போங்கள். முதல் வாரத்தில் விட்டு உறவும் நடந்திருந்தால் தாமதிக்காமல் செவிலியரைப் பாருங்கள்.

எல்லோருக்கும் இது ஆகாது. ஆறு மாதத்துக்குள் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர், ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டவர், கண்ணில் பூச்சி பறந்து ஒற்றைத் தலைவலி வருபவர், ரத்தம் உறைந்த நோய், மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்று, கல்லீரல் நோய் கண்டவர்கள், 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர் ஆகியோர் வேறு முறை கேட்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டாலும் வலிப்பு மாத்திரைகளில் சில சாப்பிட்டாலும் இதன் பலன் குறையும். அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

முதல் இரண்டு மூன்று மாதம் குமட்டலோ இடையில் திட்டுத்திட்டாக ரத்தமோ இருக்கலாம், தணிந்துவிடும். ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தாங்காத தலைவலி, பார்வை மங்கல் வந்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரி. 'மலடாக்கிவிடும்' என்பது வெறும் பேச்சு. நிறுத்தினால் பிள்ளை தங்கும்.

பிபி பார்க்காமலே யாராவது அட்டையை நீட்டினால், பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று கேளுங்கள்.